தம்பிக்கு 1.04, எனக்கு 138: செலினியம் ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுமா?

#1 முனிர்கா முரளி

எல்லாருக்கும் வணக்கம். சின்னக் குழப்பம்தான், ஆனா ரெண்டு வீட்டுல தூக்கம் போச்சு.

போன மாசம் எங்க ஆபீஸ்ல சலுகை விலையில முழு உடல் பரிசோதனை. கூடக் கொஞ்சம் பணம் கட்டினா துத்தநாகம், தாமிரம், செலினியம் எல்லாம் பாத்துடலாம்னு சொன்னாங்க. கட்டினேன். பட்டுக்கோட்டையில இருக்கற தம்பிக்கு நான் எது செஞ்சாலும் தானும் செய்யணும். அவனும் அங்க ஒரு லேப்ல ரத்தம் குடுத்தான்.

எனக்கு செலினியம் 138. அவனுக்கு 1.04. நூத்துல ஒரு பங்குகூட இல்ல!

எனக்கு 41 வயசு, அவனுக்கு 38. ரெண்டு பேருக்கும் சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, தினசரி மாத்திரை எதுவும் கிடையாது. ஒரே சட்டிச் சோறு தின்னு வளந்தவங்க. நான் டெல்லிக்கு வந்து 14 வருஷம். இங்க ராத்திரி சப்பாத்தி, காலையில பாதி நாள் பராத்தா. அவன் மூணு வேளையும் அரிசிதான், வாரத்துல ரெண்டு நாள் மீன். அம்மா போன்ல அழறாங்க. எனக்கு விஷம் ஏறிடுச்சா, இல்ல அவனுக்குச் சத்தே இல்லாம போச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கரோல்பாக் கதிர்

அண்ணா, 1.04-ன்னா தம்பி உடம்புல செலினியம் காலி. உடனே பிரேசில் நட்ஸ் வாங்கி அனுப்புங்க, ஆன்லைன்ல கிடைக்கும். நான் தினமும் 4 கொட்டை, அதோட 200 மைக்ரோகிராம் மாத்திரை ஒண்ணு. ஜிம்ல எல்லாரும் இதான். உங்க 138 சூப்பர். கோதுமையோட பவர்.

#3 ஜனக்புரி வேதியியல் வாத்தியார்

கொட்டை வாங்குமுன் ஒரு நிமிடம். முரளி, இரண்டு அறிக்கைகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு அச்சாகியிருக்கிறது? தம்பியுடையதில் ‘மைக்ரோமோல்’ (எடை அல்ல, அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) என்று இருக்கும் என்பது என் ஊகம். 33 வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். அலகை எழுதாத மாணவனுக்குப் பாதி மதிப்பெண்ணை வெட்டியதற்காகப் பெற்றோர் சண்டைக்கு வந்ததுண்டு. இப்போது பாருங்கள்.

செலினியத்தின் அணு எடை கிட்டத்தட்ட 79. லிட்டருக்கு 1.04 மைக்ரோமோல் என்றால் 79-ஆல் பெருக்குங்கள்: லிட்டருக்கு 82 மைக்ரோகிராம்.

இன்னொன்று. இரண்டும் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் அணுக்கள் நீங்கி மிஞ்சும் தெளிநீர்) பார்த்ததா, அல்லது ஒன்று முழு ரத்தத்திலா? முழு ரத்தத்தில் எண் இயல்பாகவே அதிகம் வரும், ஒப்பிடக் கூடாது.

#4 முனிர்கா முரளி

சார், கால்ல விழணும் போல இருக்கு. அதேதான். அவன் அறிக்கையில மைக்ரோமோல், என்னுதுல மைக்ரோகிராம். ரெண்டும் சீரம்தான். அம்மாகிட்ட சொல்லிட்டேன், அழுகை நின்னுது. “அப்ப எதுக்குடா என்னை அழ வச்ச”ன்னு திட்டு ஆரம்பிச்சிருக்கு.

ஆனா கேள்வி முடியல. 82-க்கும் 138-க்கும் நடுவுலயும் பெரிய வித்தியாசம் இருக்கே. நோய் இல்லாத ரெண்டு பேர், ஒரே ரத்தம். ஊர் மாறினா இவ்வளவு மாறுமா?

#5 ஜனக்புரி வேதியியல் வாத்தியார்

மாறும். இந்த ஒரு சத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட அது எந்த மண்ணில் விளைந்தது என்பதுதான் பெரிய கேள்வி.

வைட்டமின் சி-யைச் செடி தானே தயாரித்துக்கொள்கிறது. எலுமிச்சை எங்கே காய்த்தாலும் எலுமிச்சைதான். செலினியத்தைச் செடி தயாரிப்பதில்லை, பெரும்பாலான பயிர்களுக்கு அது தேவையும் இல்லை. மண்ணில் இருந்தால் கந்தகம் என்று ஏமாந்து உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசைக்காரர்கள், மேல்மாடி கீழ்மாடி. உறிஞ்சியதை மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிடும். அதனால் ஒரே ரகக் கோதுமை ஒரு வயலில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராமும் இன்னொரு வயலில் 0.5 மில்லிகிராமும் காட்டலாம். ஒரு நாளைக்கு 200 கிராம் ஆட்டா சாப்பிடுபவருக்கு முதல் வயலில் இருந்து 10 மைக்ரோகிராம், இரண்டாவதில் இருந்து 100. வட்டில் ஒன்று, ரொட்டி ஒன்று, சத்து பத்து மடங்கு.

மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதோடும் கதை முடிவதில்லை. காரத்தன்மையுள்ள, காற்றோட்டமான மண்ணில் அது செலினேட்டாக இருக்கும். தண்ணீரில் கரையும், வேர் எளிதாக எடுக்கும். அமிலத்தன்மையுள்ள, இரும்பு மிகுந்த செம்மண்ணில் செலினைட்டாகி இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் இல்லாத கணக்கு. தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில் ஆக்சிஜன் குறைவதால் இன்னும் எட்டாத வடிவங்களுக்குப் போய்விடும். கோதுமையில் அரிசியைவிடப் புரதமும் கூடுதல், அந்தப் புரதத்தில்தான் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கோதுமைக்கு மாறியதும் எண் ஏறியது இயல்புதான்.

இந்த ஒப்பீட்டை உலக அளவில் வையுங்கள். அமெரிக்கர்களின் தேசிய ஆரோக்கியக் கணக்கெடுப்பில் சீரம் செலினியத்தின் சராசரி 1988-94-இல் 125, 2003-04-இல் 137. ஐரோப்பாவில் பல நாடுகளில் 80, 90-ஐ ஒட்டி நிற்கிறது, கிழக்கே போனால் இன்னும் குறைவு. ஆக, நீங்கள் முனிர்காவில் குடியிருக்கும் அமெரிக்கர், தம்பி பட்டுக்கோட்டையில் இருக்கும் ஐரோப்பியர். யாருக்கும் நோய் இல்லை.

#6 மயூர்விஹார் மாமி

வாத்தியார் சார் சொன்னது நன்னா புரிஞ்சுது. ஆனா எனக்கு வேற பயம். நாங்க ஷர்பதி கோதுமை வாங்கி, அலம்பி, மொட்டை மாடியில உலர்த்தி, மூணாவது கல்லி சக்கியில அரைச்சுண்டு வருவோம். சக்கிக்காரன் போன தடவை ஷர்பதி தீர்ந்துடுத்துன்னு பஞ்சாப் கோதுமையை அரைச்சுக் குடுத்தான். எங்காத்து மாமாவுக்கு ரெண்டு மாசமா முடி கொட்டறது. (மாமாவுக்கு வயசு 67ங்கறதையும் சொல்லிடறேன்.) பஞ்சாப் கோதுமைல செலினியம் ஜாஸ்தின்னு வாட்ஸப்ல வந்ததே? அலம்பினா போயிடுமா?

#7 சந்தேகி சரவணன்

மாமி கேட்டதுதான் சரியான கேள்வி. இங்க எல்லாரும் அமெரிக்கா ஐரோப்பான்னு கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. புல்டாணா மறந்து போச்சா?

மகாராஷ்டிரா, புல்டாணா மாவட்டம், 2024 டிசம்பர் கடைசி, 2025 ஜனவரி. மூணு நாலு நாள்ல ஆளுக்கு ஆள் மொட்டை. சின்னப் பொண்ணுங்க உட்பட. 18 கிராமத்துல 279 பேர்னு கணக்கு வந்துது. முதல்ல தண்ணி மேல பழி போட்டாங்க, அப்புறம் பூஞ்சைன்னாங்க. தேள்கடி ஆராய்ச்சிக்குப் பேர் வாங்கின டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் நேர்ல போய் ரத்தம், முடி, சிறுநீர், கோதுமை எல்லாம் எடுத்து அனுப்பினார். ரேஷன்ல வந்த கோதுமையில கிலோவுக்கு 14 மில்லிகிராம் பக்கம் செலினியம், உள்ளூர்க் கோதுமையைவிட 600 மடங்குன்னு சொன்னார். அந்தக் கோதுமை பஞ்சாப் பக்கத்துல இருந்து வந்துதுங்கறது அவர் வாதம்.

வாத்தியார் கணக்கையே போடுங்க. கிலோவுக்கு 14 மில்லிகிராம்னா 200 கிராம்ல 2,800 மைக்ரோகிராம். பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 400-ன்னு அமெரிக்காவுல வச்சிருக்காங்க. ஏழு மடங்கு! நாம டெல்லியில தின்னுறது எந்த மூட்டைன்னு யாருக்குத் தெரியும்?

#8 நவன்ஷஹர் மருமகள்

நான் பொறந்தது திருச்சி, வாழ்க்கைப்பட்டது பஞ்சாப்ல. இப்ப துவாரகாவில குடித்தனம். மாமியார் ஊர் நவன்ஷஹர் பக்கம், அதாவது இப்போதைய ஷஹீத் பகத்சிங் நகர் மாவட்டம். “பஞ்சாப் கோதுமை விஷம்”னு வர்ற வாட்ஸப்பை எல்லாம் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

செலினியம் அளவுக்கு மேல இருக்கற நிலம் பஞ்சாப்ல உண்மையிலேயே இருக்கு. நவன்ஷஹர், ஹோஷியார்பூர் ரெண்டு மாவட்டத்துல, சிவாலிக் மலை அடிவாரத்துல. மழைக்காலத்துல மட்டும் ஓடற காட்டாறுகளை அங்க ‘சோ’ம்பாங்க. அந்தச் சோ மலையில இருந்து அடிச்சுக்கிட்டு வந்து படிய வச்ச வண்டல்லதான் இது வந்துது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க பல வருஷமா அளந்து வச்சிருக்காங்க. மொத்தம் சுமார் 1,000 ஹெக்டேர். பஞ்சாப் எவ்வளவு பெரிசுன்னு நெனச்சுப் பாருங்க. ஒரு மொத்த கோதுமை மண்டியில ரெண்டு டிராக்டர் மாதிரி.

மாமனார் சொல்லிக் கேட்டது: முதல்ல மாட்டிக்கிட்டது மனுஷன் இல்ல, எருமை. வால் நுனி முடி உதிரும், கொம்பு வெடிக்கும், அப்புறம் குளம்பு கழண்டு நொண்டும். நல்ல விலை குடுத்து வாங்கின எருமையைப் பாதி விலைக்குத் தள்ளிட்டு வேற வாங்கிட்டு வருவாங்க, அதுக்கும் அதே கதி. நிலத்துக்குச் சாபம்னு பேசிக்கிட்டாங்களாம். மனுஷங்களுக்கு நகம் கறுத்து வளைஞ்சு விழறது, முடி கொட்டறது, மூச்சுல பூண்டு வாசம். தன் வயல் கோதுமை, தன் வயல் கடுகுக் கீரை, தன் எருமைப் பால், தன் போர்த் தண்ணி, இப்படி நாலும் அதே மண்ணுல இருந்து வந்த வீடுகளுக்குத்தான் இது. எங்க வீடு அந்த வயல்கள்ல இருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். எங்களுக்கு ஒண்ணும் இல்ல.

சரிசெய்ய வழியும் கண்டுபிடிச்சாங்க. வயல்ல ஜிப்சம் போடறது. வாத்தியார் சார் சொன்ன கந்தகக் கதைதான்: ஜிப்சத்துல இருக்கற சல்ஃபேட் வேர்கிட்ட போட்டிக்கு நிக்கும், செலினேட் உள்ள போறது குறையும். கடுகு இனம் செலினியத்தை ரொம்ப இழுக்கும், அதனால அந்த நிலத்துக் கடுகுக் கீரையை மாட்டுக்குப் போடாதேன்னும் சொல்லிக் குடுத்தாங்க.

#9 மட்டுறுத்துநர்

மருமகளுக்கு நன்றி. பஞ்சாபா தமிழ்நாடா, ரொட்டியா சோறா என்று இரண்டு பேர் எழுதிய பதில்களை நீக்கியிருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள்.

#10 ஆர்.கே.புரம் டாக்டரம்மா

முரளி, உங்கள் இருவர் எண்ணையும் பார்த்தால் நான் மருந்துச் சீட்டே எடுக்க மாட்டேன்.

உடம்பில் செலினியத்தை வைத்து வேலை செய்யும் புரதங்கள் 25 வகை மரபணுக்களில் இருந்து வருகின்றன. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் குளூட்டாதையோன் பெராக்சிடேஸ், தைராய்டு ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் டிஅயோடினேஸ், ரத்தத்தில் செலினியத்தைச் சுமந்து செல்லும் செலினோபுரதம் பி ஆகியவை முக்கியமானவை. செலினியம் ஏற ஏற இவற்றின் அளவும் ஏறும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ரத்த எண் 90 அருகில் வரும்போது பெராக்சிடேஸ் மட்டமாகிவிடுகிறது, செலினோபுரதம் பி 125 அருகில். அதற்கு மேல் வரும் செலினியம் புதிதாக வேலை எதுவும் செய்வதில்லை. தாவரத்தில் இருந்து வரும் செலினோமெத்தியோனினைச் சாதாரண மெத்தியோனின் என்று நினைத்து உடம்பு அல்புமினிலும் தசையிலும் செருகி வைக்கிறது. கோதுமை தின்பவர் ரத்தத்தில் எண் உயர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 138 என்பது 82-ஐவிட 70 சதவீதம் கூடுதல் ஆரோக்கியம் இல்லை.

தம்பி பட்டினி நிலையிலும் இல்லை. குறைபாட்டு இதயநோயான கேஷான் நோய் வந்த சீன கிராமங்களில் ரத்த அளவு 20-ஐ ஒட்டி இருந்தது. 82 எங்கே, 20 எங்கே. நம் ஐ.சி.எம்.ஆர். ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம் போதும் என்கிறது, அமெரிக்கா 55, ஐரோப்பா 70. ஒரு முட்டையில் சுமார் 15. 100 கிராம் கடல்மீனில் 35-இல் இருந்து 50 வரை எளிதாக வந்துவிடும். மீன் கிடைக்கும் கரையோரத்துக்காரருக்கு மண் கொஞ்சம் ஏமாற்றினாலும் கடல் ஈடுகட்டும். அரிசியையும் இளக்காரமாகப் பேசாதீர்கள். பல நாட்டுச் சந்தை அரிசிகளை வைத்து 2009-இல் வந்த ஆய்வில் அமெரிக்க, இந்திய அரிசிகள் செலினியத்தில் மேல் வரிசையில் இருந்தன. எகிப்து அரிசிதான் அடியில்.

கதிர், உங்கள் பதிலைப் பார்த்துதான் எனக்குக் கவலை. தனியாக எழுதுகிறேன்.

#11 கரோல்பாக் கதிர்

டாக்டர் திட்டறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். ஃபின்லாந்துல நாட்டுக்கே செலினியம் குடுக்கறாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன். அவங்க என்ன முட்டாளா? நாமளும் அயோடின் உப்பு மாதிரி செலினியம் உப்பு போட்டா என்ன?

#12 ஜனக்புரி வேதியியல் வாத்தியார்

முட்டாள்கள் இல்லை. அதைச் செய்யக்கூடிய மண் அவர்களுக்கு இருந்தது.

ஃபின்லாந்து மண் அமிலத்தன்மை கொண்டது, குளிர்ந்தது, பெரும்பாலும் செலினியம் எட்டாத மண். 1970-களில் ஒரு நாளைக்கு 25 முதல் 40 மைக்ரோகிராம் வரைதான் கிடைத்துக்கொண்டிருந்தது. 1984-இல் அரசு முடிவெடுத்து, விற்கும் கூட்டு உரங்களில் சோடியம் செலினேட்டைக் கலக்கச் சொன்னது. மாத்திரை இல்லை, உப்பு இல்லை, உரம். செடி எடுத்து, மாடு தின்று, பாலாகவும் ரொட்டியாகவும் தட்டுக்கு வந்தது. சில வருடங்களில் சராசரி 100-ஐத் தாண்டியது. கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று 1990-இல் கலவையைக் குறைத்தார்கள். தொடங்கிய நாளில் இருந்து பாலையும் தானியத்தையும் ரத்தத்தையும் விடாமல் அளந்துகொண்டே இருந்ததால்தான் அந்தத் திருத்தம் முடிந்தது.

நாடு முழுக்கக் குறைவு என்றால் இப்படிச் செய்யலாம். நம் நாட்டில் ஒரு மூலையில் எருமைக் குளம்பு கழல்கிறது. அதே உரத்தை நவன்ஷஹரில் போட்டால் என்ன ஆகும்?  செலினியத்தில் தேவை 55, வரம்பு 400. ஐரோப்பியர்கள் 300 என்று வைத்திருந்த தங்கள் வரம்பை 2023-இல் 255-ஆகக் குறைத்துவிட்டார்கள். குறுகலான வரப்பு. இரண்டு பக்கமும் சேறு.

இதற்குச் சீனாவைவிடச் சிறந்த பாடம் கிடையாது. வடகிழக்கில் இருந்து தென்மேற்கு வரை குறுக்காக ஓடும் செலினியம் குறைந்த ஒரு பட்டை. அதில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக் கேஷான் என்ற ஊரில் 1935-இல் இதயம் வீங்கிச் செத்தவர்களால் அந்த நோய்க்கு ஊர்ப்பெயரே வந்தது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம். 1970-களில் குழந்தைகளுக்குச் செலினியம் கொடுத்துப் பார்த்தபோது நோய் சரிந்தது. அதே நாட்டில் ஹூபே மாகாணத்து என்ஷி என்ற இடத்தில் 1960-களின் தொடக்கத்தில் கதை தலைகீழ்: முடியும் நகமும் விழுந்தன. செலினியம் மிகுந்த ஒருவகை நிலக்கரிப் பாறை மண்ணில் கலந்திருந்தது, வயலில் சுண்ணாம்பு வேறு போட்டார்கள். மண் காரமாகி, பூட்டிக் கிடந்தது திறந்துகொண்டது. மழை பொய்த்து நெல் போனதால் அந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளத்தையும் காய்கறியையுமே தின்றார்கள். இதில் எனக்கு உறக்கம் கெட்ட இடம்: அதே என்ஷிப் பகுதியின் இன்னொரு மூலையில் குறைபாட்டு நோயான கேஷானும் இருந்தது. சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளி. ஜனக்புரியில் இருந்து கன்னாட் பிளேஸ் தூரம்.

பிரிட்டன்காரர்களுக்கு மண்ணும் மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை, கப்பல் மாறியது. முன்பு கனடா, அமெரிக்கக் கோதுமையில் ரொட்டி சுட்டார்கள். பிறகு ஐரோப்பியக் கோதுமைக்கு மாறினார்கள். ஒரு நாளைக்கு 60 வாக்கில் இருந்த செலினியம் 30, 40-க்கு இறங்கியது. சாப்பிட்டவனுக்கு ருசியில் எதுவும் தெரியாது.

#13 மயூர்விஹார் மாமி

கப்பல் கோதுமைன்னதும் ஞாபகம் வரது. நான் சின்னவளா இருக்கச்சே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல ரேஷன்ல பி.எல். 480ங்கற உணவு உதவித் திட்டத்துல வந்த அமெரிக்கக் கோதுமை குடுப்பா. செக்கச்செவேல்னு, ரொட்டி இழுத்தா ரப்பர் மாதிரி வரும். அம்மா திட்டிண்டே பிசைவா. அப்போ எங்களுக்கெல்லாம் செலினியம் அமெரிக்காக்காராளுக்குச் சமமா இருந்திருக்குமோ என்னமோ!

என் கேள்விக்குப் பதில் இன்னும் வரலை. அலம்பினா போகுமா போகாதா?

#14 ஜனக்புரி வேதியியல் வாத்தியார்

மன்னிக்க வேண்டும் மாமி. போகாது. மேலே ஒட்டிய மண்ணாக இருந்தால் போகும். இது தானியத்தின் புரதத்துக்குள் இருக்கிறது. அரைத்தாலும், சலித்தாலும், சுட்டாலும் பெரும்பகுதி இருக்கும். மைதாவாக்கினால் தவிட்டோடு கொஞ்சம் குறையும், அதற்காக யாரும் மைதா தின்ன வேண்டாம்.

ஆனால் சக்கி கோதுமைக்குப் பயப்படவும் வேண்டாம். சரவணனுக்கும் இதுவே பதில். டெல்லியில் நாம் தின்பது ஒரு வயல் கோதுமை இல்லை. இந்த மாதம் ஹரியானா, அடுத்த மாதம் ராஜஸ்தான், உங்கள் ஷர்பதி மத்தியப் பிரதேசத்து சீஹோர் பக்கம். அரிசி தெற்கில் இருந்து, பருப்பு எங்கிருந்தோ, பால் பல மாவட்டத்துக் கலவை. ஒரு மூட்டை தப்பாக இருந்தாலும் மற்றவை இழுத்துப் பிடிக்கும். மருமகள் சொன்னதுபோல் நாலும் ஒரே மண்ணில் இருந்து வருபவருக்குத்தான் மண் முழு வீச்சில் தெரியும். ஆப்பிரிக்காவில் மலாவியில் அதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். தன் நிலத்து மக்காச்சோளத்தையே நம்பி வாழும் கிராமங்கள். அமிலச் செம்மண் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தத்தில் செலினியம் குறைவு, கார மண் உள்ள பள்ளத்தாக்குப் பக்கத்தவர்களுக்கு அதிகம். சோளம் ஒன்றுதான்.

#15 சந்தேகி சரவணன்

கலவை வாதம் ஓரளவு ஒத்துக்கறேன். ஆனா புல்டாணாவுலயும் ரேஷன்தான் சார் சாப்பிட்டாங்க. கலவையா வர வேண்டியது ஒரே லாட்டா வந்தா? அதைத்தான் அளக்கணும்னு சொல்றேன். மூட்டையில எந்த மண்டின்னு எழுதியிருக்கா?

இன்னொரு விஷயம். புல்டாணா செய்தி வந்தப்ப பயந்து போய் நானும் ஒரு லேப்ல முடியைக் குடுத்துப் பாத்தேன். செலினியம் எக்கச்சக்கமா இருக்குன்னு வந்துது. அவங்களே விஷமுறிவு பேக்கேஜ்னு ஒண்ணு 18,000 ரூபாய் சொன்னாங்க. கட்டல. ஆனா ஒரு வருஷமா அந்தத் தாள் அலமாரியில கிடந்து என்னைப் பாத்து முறைக்குது.

#16 ஆர்.கே.புரம் டாக்டரம்மா

சரவணன், ஒரு அந்தரங்கக் கேள்வி. பொடுகு உண்டா?

#17 சந்தேகி சரவணன்

உண்டு. டெல்லி குளிர்ல யாருக்கு இல்ல? ஏன்?

#18 ஆர்.கே.புரம் டாக்டரம்மா

பொடுகு ஷாம்பு சிலவற்றின் மருந்தே செலினியம் சல்ஃபைடு. பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். முடியில் வெளியில் இருந்து ஒட்டியதைச் சோதனை உள்ளே இருந்து வந்ததாகக் கணக்குக் காட்டும். அதனால்தான் ஆய்வுகளில் முடி, நகம் எடுக்கும்போது இந்த ஷாம்பு போடுபவர்களைத் தனியாக ஒதுக்குவார்கள். ரத்தத்தில் பார்த்தீர்களா?

மண்டிக் கேள்வியில் நான் உங்கள் பக்கம். கோதுமையை அளப்பது ஆளை அளப்பதைவிட மலிவு.

இப்போது கதிர். உங்கள் கணக்கு: மாத்திரை 200. பிரேசில் கொட்டை ஒன்றில் 50-இல் இருந்து 90 வரை இருக்கலாம், அதுவும் அமேசான் காட்டில் எந்த மரம், எந்த மண் என்பதைப் பொறுத்தது. நான்குக்கு 200 முதல் 360. ஜிம் சாப்பாடு, அதாவது ஆறு முட்டையும் கோழியும் ரொட்டியும், குறைந்தது 150. கூட்டிப் பாருங்கள்.

‘கூடினால் என்ன, நல்லதுதானே’ என்பதற்கும் பதில் இருக்கிறது. 1996-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மண்ணில் செலினியம் குறைந்த இடங்களில், 200 மைக்ரோகிராம் கொடுத்த ஆய்வில் புற்றுநோய் குறைந்தது போலத் தெரிந்தது. உலகமே மாத்திரை வாங்க ஓடியது. பிறகு 35,533 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை செய்தார்கள். பலன் இல்லை, 2008-இல் நிறுத்தினார்கள். அதில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே 135 வாக்கில் இருந்தது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். முதல் ஆய்வின் ஆட்களையே 2007-இல் திரும்பப் பார்த்தபோது, தொடக்கத்தில் 120-ஐத் தாண்டி இருந்தவர்களில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்திருந்தது. ஆகவே முரளி, நீங்களும் மாத்திரைப் பக்கம் போகாதீர்கள். கதிர், ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

#19 கரோல்பாக் கதிர்

நேத்துல இருந்து நகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். கட்டைவிரல்ல ஒரு வெள்ளைக் கோடு இருக்கு, டம்பெல் பட்டதுன்னு நெனச்சேன். மாத்திரையை ட்ரெயினர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அவரு “உனக்குப் பொறாமை பிடிச்ச டாக்டர்”னாரு. சனிக்கிழமை ரத்தம் குடுக்கறேன். ஒரு நேர்மையான கேள்வி: என் வாயில பூண்டு வாசம்னு ரூம்மேட் ஆறு மாசமா சொல்றான். நான் பூண்டே சாப்பிடறதில்ல.

#20 நவன்ஷஹர் மருமகள்

தம்பி, சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் காத்திருக்காதே. நாளைக்கே போ.

#21 ஆர்.கே.புரம் டாக்டரம்மா

அவர் சொன்னதுதான். நாளைக்கே. சீரமும் முழு ரத்தமும் இரண்டும் கேளுங்கள், கொட்டையும் நிறுத்தம்.

#22 சந்தேகி சரவணன்

பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீதம். தாளைக் கிழிச்சாச்சு.

#23 முனிர்கா முரளி

எல்லாருக்கும் நன்றி. நேத்து தம்பிகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். அவன் வீட்டுல ராத்திரி எப்பவாவது போடற சப்பாத்திக்குக் கோதுமை எங்கடான்னு கேட்டேன். ரேஷன் கடையாம். மூட்டை மேல என்ன எழுதியிருக்குன்னு கடைக்காரர்கிட்ட கேக்கச் சொன்னேன். “பஞ்சாப்”னாராம். ஆக நான் முனிர்காவில சீஹோர் கோதுமை தின்னுக்கிட்டு இருக்கேன், அவன் பட்டுக்கோட்டையில பஞ்சாப் கோதுமை தின்னுக்கிட்டு இருக்கான். அளவு கம்மி, அவ்வளவுதான்.

ஒரு சிக்கல். கதிர் ரெண்டாவது பதில்லயே சொன்னதால, வாத்தியார் சார் எழுதறதுக்கு முன்னாடியே நான் அரைக் கிலோ பிரேசில் நட்ஸ் ஊருக்கு ஆர்டர் போட்டுட்டேன். போய்ச் சேந்துடுச்சு. அம்மா அதை முந்திரின்னு நெனச்சு நெய்யில வறுத்து நேத்து அண்ணன் மக பிறந்தநாள் பாயசத்துல போட்டுட்டாங்க. தெருவுல பதினெட்டு வீட்டுக்குப் போயிருக்கு. ஒரு டம்ளர்ல எத்தனை கொட்டை விழுந்திருக்கும்னு கேட்டா, “சின்னதா நறுக்கித்தான் போட்டேன், எண்ணிக்கிட்டா போடுவாங்க”ங்கறாங்க.

#24 ஆர்.கே.புரம் டாக்டரம்மா

ஒரு நாள் பாயசத்தால் யாருக்கும் நகம் விழாது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது?

#25 முனிர்கா முரளி

பாதி டப்பா. அல்வா கிண்டலாமான்னு கேக்கறாங்க.